ஓரத்தைப் பாருங்கள்!

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைச் சேகரிப்பவர் கையில் ஒரு படத்தைக் கொடுத்தால், மலையையும் பனியையும் அப்புறம்தான் பார்ப்பார். முதலில் கண் போவது வெள்ளை ஓரத்துக்கு.

ஓவியர் ஹிரோஷி யோஷிடாவின் படம் என்றால், பெரும்பாலும் இடது ஓரத்தில் இருக்கும் ‘ஜிஸுரி’ முத்திரையைத் தேடுவார். ஓவியரின் மேற்பார்வையில் அச்சானதற்கு அதுதான் அத்தாட்சி. 1950-இல் அவர் இறந்தபின் அதே கட்டைகளிலிருந்து எடுத்த படிகளில் அது கிடையாது. படம் ஒன்றுதான், முத்திரை இருந்தால் விலை எங்கேயோ போய்விடும்.

இத்தனை கெடுபிடி ஏன்? அச்சு என்று பெயரே தவிர, எல்லாம் கைவேலை. செர்ரி மரக்கட்டையில் செதுக்கி, வண்ணத்தைத் தூரிகையால் பூசி, ஈரத்தாளை மேலே வைத்து, ‘பரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் தேய்க்க வேண்டும். யோஷிடாவின் படங்களில் ஒரே தாள் முப்பது தடவைக்கு மேல் கட்டை ஏறுவது சாதாரணம். வானத்தின் நீலம் மெல்ல வெளுத்து இறங்குகிறதே, அதை ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகப் பூச வேண்டும். 1926-இல் அவர் வெளியிட்ட பாய்மரப் படகுகள் வரிசையில், அதே கட்டைகளை வைத்தே வண்ணத்தை மட்டும் மாற்றிக் காலை, மாலை, இரவு எல்லாவற்றையும் காட்டிவிட்டார். கில்லாடி!

நம் பக்கமும் வந்திருக்கிறார். 1930-31 இந்தியப் பயணத்தில் பிறந்த வரிசையில் தாஜ்மகாலோடு மதுரைக் கோயிலும் உண்டு.

இன்னொரு பெரிய பெயர் ஹசுய் கவாசே. ஆப்பிள் ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பி வாங்கியவை இவர் படங்கள். 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் இவருடைய பதிப்பாளர் ஷொசபுரோ வாடனபேயின் கடை எரிந்தது. கட்டைகளும் விற்காத படிகளும் சாம்பலாயின. அதற்கு முந்தைய ஹசுய் படங்கள் அபூர்வமானது அப்படித்தான். பிந்தையவற்றின் காலத்தைக் கணிக்க வாடனபேயின் முத்திரை உதவும். காலத்துக்குக் காலம் அதன் வடிவம் மாறியது.

பிற்காலப் படியைப் போலி என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. சுவரில் மாட்டி ரசிக்க அது தாராளமாகப் போதும். பழையது என்று சொல்லி விற்பதுதான் மோசடி. பழைய படி கிடைத்தாலோ வெயில் படாமல் வையுங்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள். ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டினால் அத்தாட்சியும் குப்பைக்குப் போகும், மதிப்பும் போகும்.

வாங்குமுன் முழுத்தாளையும், பின்பக்கத்தையும் சேர்த்து, படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் மழுப்பினால், எவ்வளவு அழகான படமானாலும் விட்டுவிடுங்கள்.