சின்னம் ஜிடிஐ, கார் எது?

போன வாரம் நண்பன் ஒருவன் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஒன்றுக்கு முன்பணம் கட்டப் போனான். துணைக்கு நானும் போனேன். பளபளக்கும் சிவப்பு, பின்னால் லோட்டஸ் பெயர். கூட வந்த பட்டறை அண்ணன் மட்டும் சிரித்தார். "தம்பி, சின்னத்த விடு. சேசிஸ் நம்பரப் பாரு."

1990களின் இறுதியில் வந்த மூன்று கதவு கார் இது. 1.8 லிட்டர் எஞ்சின், சுமார் 138 குதிரைத்திறன். 1996இல் லோட்டஸை புரோட்டோன் வாங்கியிருந்ததால், வளைவுகளில் பிடிமானமாக ஓடும்படி அதன் பொறியாளர்களே இதை மெருகேற்றினார்கள். இன்றும் ரசிகர்கள் தேடுகிறார்கள். அதனால் போலிகளும் உண்டு: சாதாரண சத்ரியாவில் இதே எஞ்சினைப் பொருத்தி, பம்பரையும் மாட்டிவிடுவார்கள்.

"வேகமாத்தானே ஓடுது, என்ன குறை?" என்றான் நண்பன். ஓட்டி மகிழ மட்டும் என்றால், எஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே ஒப்புதலும் இருந்தால், குறையில்லை. ஆனால் அசல் ஜிடிஐயின் விலையை நான் அதற்குத் தரமாட்டேன். வண்ணம் மங்கிய அசல் கார் எனக்குப் போதும்; அடிப்பகுதியில் துரு மட்டும் கூடாது.

பதிவுப் பத்திரத்தில் 1.5 லிட்டர் என்றே இருந்தது. நண்பன் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டான். திரும்பும் வழியெல்லாம் என்னோடு பேசவே இல்லை.