துடிப்பு மாற்றமும் அதன் காவல் முறையும்

ஊவா மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் முற்காலத்தே நெடுந்தண்டொன்று மேலே சுழன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து இறங்கும் பட்டிகள் கொழுந்தரைக்கும் றோலர்கள் பலவற்றையும் ஒருங்கே இயக்கும். ஒரு றோலரை விரைவாக்கக் கருதித் தண்டின் வேகத்தைக் கூட்டுவோன், ஏனைய பொறிகளின் வேகத்தையும் கூட்டியவனாவான். கணினியின் உள்ளமைப்பும் இத்தகையதே.

கணினியிற் படிகமொன்று சீரான மின்துடிப்பைப் பிறப்பிக்கின்றது. அத்துடிப்பு பெருக்கிகளால் உயர்ந்தும், வகுப்பிகளாற் குறைந்தும், மரத்தின் கிளைகள்போற் பிரிந்து பல உறுப்புகளைச் சென்றடைகின்றது. மின்செலவைக் குறைக்க இத்துடிப்பு வேகத்தை வேண்டியபோது மாற்றுதல் இன்றியமையாதது. பணிசெயல் முறைமையின் கருவாகிய கர்னலும், அதனுள் அமைந்த டிரைவர்களும் இக்கடமையை ஏற்கின்றன.

மாற்றம் முறைதவறின் விளைவதென்ன? 2016 இல் வெளிவந்த றாஸ்பெரி பை 3 என்னும் சிறு கணினி இதற்குத் தக்க சான்றாகும். அதிலுள்ள சிறு தொடர்வாயில் தன் வேகத்தை மையத் துடிப்பிலிருந்தே பெறுகின்றது. துடிப்பு 250 மெகாஹேர்ட்ஸாக இருக்குங்கால், விநாடிக்கு 115,200 பிட்டுகள் செல்லுமாறு வகுப்பி அமைக்கப்பட்டதெனக் கொள்க. வகுப்பியைத் திருத்தாது துடிப்பை 400 ஆக உயர்த்தின், வாயிலின் வேகம் ஏறத்தாழ 184,000 பிட்டுகளாகிவிடும். மறுமுனையிற் பெறப்படுவன பொருளற்ற குறிகளே. பிழையை அறிவிக்க வேண்டிய வாயிலே பிழைபட்டமையால், நேர்ந்த குற்றத்தை அறிவிப்பாரும் இலர். ஆதலின், அவ்வாயில் பயன்படுங்கால் மையத் துடிப்பை 250 இலேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

நிறுத்திவைத்தல் ஒரு வழி. முறையாக மாற்றுதல் மற்றொரு வழி. 2012 இல் வெளியான லினக்ஸ் 3.4 பதிப்பு, துடிப்புகளை ஆளும் பொதுவான அமைப்பொன்றைக் கொண்டுவந்தது. அதில் டிரைவர் முதலில் தான் விரும்பும் வேகம் கிட்டுமா என வினவுதல் தகும். வகுப்பிகள் கேட்ட எண்ணை அப்படியே தருவது அரிது. பின்னர், மாற்றம் வரப்போகின்றதென அறிவிப்புப் பெறப் பதிந்த டிரைவர்களுக்கு உணர்த்தப்படும். அவற்றுள் ஒன்று மறுப்பினும் மாற்றம் கைவிடப்படும். மறுப்பின்றேல் துடிப்பு மாற்றப்பட்டு, மாறிற்று என மீண்டும் அறிவிக்கப்படும். அதனைக் கேட்ட டிரைவர் தன் வகுப்பியைத் திருத்திக்கொள்ளும். இப்பணி காத்திருக்க நேரிடுமாதலின், இடைமறிப்பு நிகழும் வேளையில் இதனைத் தொடங்கலாகாது.

மின்னழுத்தத்திற்கும் ஓர் ஒழுங்குண்டு. வேகத்தை உயர்த்துமுன் அழுத்தத்தை உயர்த்தல் வேண்டும். தாழ்த்துங்கால் வேகத்தை முதலிலும் அழுத்தத்தைப் பின்னரும் தாழ்த்தல் வேண்டும். இவ்வொழுங்கு பிறழின், போதிய அழுத்தமின்றி விரைந்தோடும் சில்லு கணக்கிற் பிழைபடும்.

பலர் பங்குகொள்ளும் ஒன்றை மாற்றுவோன், அப்பங்காளர் யாவரையும் முன்னரே அறிந்திருத்தல் கடனாகும். தண்டின் வேகத்தைக் கூட்டுமுன் றோலர்களை நோக்கிய பழைய பொறியாளரின் எச்சரிக்கை, கர்னல் எழுதுவோர்க்கும் உரியதே.