பறக்குமுன் சுக்கானை அசைத்துப் பார்ப்பது ஏன்?

விமானத்தில் இறக்கைக்குச் சற்றுப் பின்னால், ஜன்னலோரமாக உங்களுக்கு இடம் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். எஞ்சின்கள் இயங்கத் தொடங்கிய பின், ஓடுபாதையைச் சென்றடையுமுன், இறக்கையின் பின்விளிம்பில் நுனியை ஒட்டியுள்ள ஒரு பலகை மெல்ல மேலே எழும். பிறகு கீழே தாழும். பிறகு நடுநிலைக்குத் திரும்பும். சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சில விநாடிகளில் விமானிகள் என்ன செய்கிறார்கள், அதை ஏன் தரையிலேயே செய்தாக வேண்டும் என்பதை இங்குக் காண்போம்.

விமானத்தின் போக்கை மாற்றும் முதன்மையான பலகைகள் மூவகை. நீங்கள் பார்த்த பலகைக்கு ஏலரான் என்று பெயர். இரு இறக்கைகளிலும் உண்டு. ஒன்று எழும்போது மற்றது தாழும். எழுந்த பக்கத்து இறக்கை கீழிறங்க, விமானம் அப்பக்கம் சாய்கிறது. வாலின் கிடைப்பகுதியில் இருப்பது எலிவேட்டர். அதன் பின்விளிம்பு எழுந்தால் காற்று வாலைக் கீழே அழுத்துகிறது. மூக்கு மேலே உயர்கிறது. வாலின் செங்குத்துப் பகுதியில் இருப்பது சுக்கான். படகின் சுக்கானைப் போலவே மூக்கை இடவலமாகத் திருப்புகிறது. பலகைகள் சிறியவைதாம், ஆனால் விமானத்தின் ஈர்ப்பு மையத்திலிருந்து வெகு தொலைவில் பொருத்தப்பட்டவை. கதவைக் கீலருகே தள்ளாமல் விளிம்பில் தள்ளுகிறோமே, அதே திருப்புதிறன் தத்துவம்தான் இது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். ஒரு பலகையின்மேல் காற்று செலுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். தரையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் உருளும் விமானம், தரையைவிட்டு எழும்போது 250 கி.மீ. வேகத்தில் போவதாகக் கொள்வோம். வேகம் பத்து மடங்கு. விசையோ நூறு மடங்கு! அதாவது, உருளும்போது எலிவேட்டர் சரியாக இயங்கினாலும் இயங்காவிட்டாலும் விமானத்தின் போக்கில் வேறுபாடு தெரியப் போவதில்லை. கார் ஓட்டுபவருக்கு ஸ்டியரிங் பழுதென்றால் நான்கடி நகர்வதற்குள் தெரிந்துவிடும். விமானிக்கோ, மூக்கை உயர்த்த முற்படும் கணத்தில்தான் தெரியும். அப்போது ஓடுபாதையின் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். விமானம் தானாகப் பதில் சொல்ல முடியாத இந்த நிலையில், விமானிகள் கையாலும் கண்ணாலும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

பலகைகள் அசையாமற் போக முதற் காரணம், நாமே போடும் பூட்டு. நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் பலகைகளைப் பலத்த காற்று படபடவென்று அடித்துச் சேதப்படுத்திவிடும். அதைத் தடுக்கப் பல விமானங்களில் காற்றுப் பூட்டு உண்டு. புறப்படுமுன் அதை எடுத்துவிட வேண்டும். (இன்றைய பெரிய ஜெட் விமானங்கள் பலவற்றில் தனிப் பூட்டுக் கிடையாது. பலகைகளை இயக்கும், எண்ணெய் நிரம்பிய உருளைகளே அதிர்வை அடக்கிவிடுகின்றன.)

1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவில் டேட்டனுக்கு அருகிலுள்ள ரைட் விமானத் தளத்தில், போயிங் 299 என்ற நான்கு எஞ்சின் விமானம் சோதனைப் பறப்புக்குக் கிளம்பியது. காற்றுப் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். செங்குத்தாக ஏறி, வேகமிழந்து, விழுந்து தீப்பற்றியது. இருவர் மாண்டனர். ஓட்டியவர் அனுபவம் மிக்கவரே. இதன் பின்னர்தான், நினைவை நம்பாமல் எழுதி வைத்துப் படிக்கும் சரிபார்ப்புப் பட்டியல் விமானிகளிடையே வேரூன்றியது.

இன்று எப்படிச் செய்கிறார்கள்? ஏர்பஸ் 320 விமானத்தில் விமானி தம் பக்கவாட்டிலுள்ள சிறு பிடியை அசைத்ததும், நடுவிலுள்ள திரையில் எல்லாப் பலகைகளின் நிலையும் படமாகத் தோன்றுகிறது. பிடியை இடக்கோடி, வலக்கோடி, நடு, பின்கோடி, முன்கோடி, நடு என்று நிதானமாக நகர்த்துகிறார். மற்றவர் திரையைப் பார்த்து ஒவ்வொரு நிலையையும் வாய்விட்டுச் சொல்கிறார். பிறகு காலால் மிதிக்கும் சுக்கான் பெடல்கள். போயிங் 737-இல் சக்கரத்தையும் தண்டையும் கோடிவரை மெதுவாக நகர்த்தி, எங்கும் இடறுகிறதா, நடுநிலைக்குத் தானே திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். பெடலை மிதித்தால் மூக்குச் சக்கரமும் திரும்பும் என்பதால், அதைத் திருப்பும் கைப்பிடியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொள்கிறார்கள்.

பலகை அசைந்தால் மட்டும் போதாது. சரியான பக்கம் அசைய வேண்டும். 2001 மார்ச் 20 அன்று பிராங்க்ஃபர்ட்டில் ஓர் ஏர்பஸ் 320 புறப்பட்டது. பராமரிப்பு வேலையின்போது கேப்டனின் பிடிக்குரிய கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருந்தன. புறப்படுமுன் செய்த சோதனையில் பலகைகள் முழுமையாக அசைந்தன. திசை தலைகீழாக இருந்ததை எவரும் காணவில்லை. தரையைவிட்டு எழுந்ததும் விமானம் இடப்பக்கம் சாய, கேப்டன் வலப்பக்கம் தள்ளினார். விமானம் மேலும் இடப்பக்கமே சாய்ந்தது! இறக்கை நுனி தரைக்குச் சுமார் அரை மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. துணை விமானி உடனே தம் பிடிக்கு முன்னுரிமை தரும் பொத்தானை அழுத்தி, விமானத்தை மீட்டார். அவருடைய பிடி சரியாக இருந்தது. அனைவரும் பத்திரமாகத் தரையிறங்கினர். கேப்டனின் பிடி அவருடைய இடக்கைப் பக்கத்தில் இருப்பதால், திரையைப் படிப்பவருக்கு அது எளிதில் தெரியாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

சிறிய விமானங்களில் பயிற்சி பெறுவோர் இதற்கென ஓர் எளிய உத்தி வைத்திருக்கிறார்கள். சக்கரத்தைப் பிடித்துக் கட்டைவிரல்களை மேல்நோக்கி நிறுத்துங்கள். சக்கரத்தை இடப்பக்கம் சுழற்றினால் விரல்கள் இடப்பக்கம் காட்டும். விரல் காட்டும் பக்கத்து ஏலரான்தான் எழுந்திருக்க வேண்டும். என் மாணவர்களுக்கு வலக்கை விதியைச் சொல்லித் தரும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வருகிறது.

இத்தனை எளிய சோதனையையா ஒருவர் விட்டுவிடுவார் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2014 மே 31 இரவு, அமெரிக்காவில் பெட்ஃபர்டு நகரில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் தனியார் ஜெட் விமானம் காற்றுப் பூட்டுடனேயே ஓடுபாதையில் விரைந்தது. மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகம் எட்டியும் மூக்கு எழவில்லை. பூட்டுப் போட்டிருக்கிறது என்று விமானி திரும்பத் திரும்பச் சொன்னது ஒலிப்பதிவில் கேட்டது. விமானம் பாதையைத் தாண்டி ஓடித் தீப்பற்றியது. இருந்த ஏழு பேரும் மாண்டனர். இரு விமானிகளும் நீண்டகால அனுபவம் உடையவர்கள். விசாரணையாளர்கள் அவ்விமானத்தின் பதிவுக் கருவியிலிருந்து அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் 98 விழுக்காட்டில் இந்தச் சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை. அத்தனை முறையும் விமானம் ஒழுங்காகவே பறந்திருந்தது.