"டி.சி. வாங்கிக்குங்க" என்றதும் கையெழுத்து போடாதீர்கள்!

சென்னை:
"உங்க பையன் இங்க சரிப்பட மாட்டான். டி.சி. வாங்கிட்டு ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்க!"

4-ம் வகுப்பு படிக்கும் மகனுக்காக, புரசைவாக்கம் மளிகைக்கடைக்காரர் ஒருவர் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு இது. பையன் கணக்கை வாயால் டாண் டாண் என்று சொல்கிறான். பென்சில் பிடித்தால் 'ப'வும் 'ம'வும் இடம் மாறுகிறது!

"அவன் என்ன பைத்தியமா?" என்று தாய் கதறுகிறார்.

இல்லவே இல்லை. இது 'டிஸ்லெக்சியா'வாக இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும். முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது. மனவளர்ச்சி குன்றியோர் பள்ளியில் இவனைத் தள்ளினால் உள்ள படிப்பும் போச்சு!

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 8-ம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. (சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது கிடையாது.)

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று கிடைத்தால் 6 முதல் 18 வயதுவரை இலவசப் படிப்பு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? விருப்பம் பிள்ளையுடையது, ஹெட்மாஸ்டருடையது அல்ல!

சிறப்புப் பள்ளிதான் என்று முடிவானால், பெயிண்ட் அடித்த சுவரைப் பார்த்து மயங்காதீர்கள். டீச்சரின் மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்!