பிடித்து வைக்காத மண்

டென்மார்க்கில் உறவினர் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. 1980களிலிருந்து நம்மவர் அங்கு சென்று குடியேறிய ஹேர்னிங், பிறண்ட, கிறின்ஸ்ரெட் போன்ற பட்டினங்கள் யூற்லாந்துக் குடாநாட்டின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் உள்ளன. அவற்றைச் சுற்றிலும் பெரும்பாலும் மணல் நிலம். கடற்கரையிலிருந்து நெடுந்தூரம் உள்ளே சென்றாலும் மண்வெட்டியில் வருவது மணல்தான்.

அந்த மணலைப் பற்றி இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. செம்மண் தோட்டத்தையோ களிமண் வயலையோ விட்டு வந்து, மணற்காணியில் கத்தரியும் மிளகாயும் நட வேண்டிய நிலைக்கு உங்களில் பலர் தள்ளப்பட்டீர்கள். நம் கரையோர மணல் கடலும் காற்றும் சேர்த்தது. யூற்லாந்து மணலோ பனிக்கட்டி உருகிய நீர் சேர்த்தது. பிறப்பு வேறு. ஆனால் தண்ணீரையும் பசளையையும் கீழே நழுவவிடும் குணம் இரண்டுக்கும் ஒன்றே. அந்தக் குணத்தை அறியாமல் அங்கு குடியேறியவர்கள் பட்ட பாடும், பின்னால் வந்தவர்கள் அறிந்துகொண்டதும் நமக்குப் பயன்படும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவைப் பெரும் பனிக்கட்டிப் படலம் மூடியிருந்தது. யூற்லாந்தில் அது கிழக்குப் பாதியையும் வடக்கையும் மூடி, குடாநாட்டின் நடுவே நெடுங்காலம் நின்றது. அதன் விளிம்பிலிருந்து உருகிய நீர் நூற்றுக்கணக்கான ஓடைகளாகப் பிரிந்து மேற்கே ஓடியது. பனிக்கட்டி அரைத்துக் கொண்டுவந்த கல், பரல், மணல், களி எல்லாம் அந்த நீரோடு போயின. வேகமான நீர் கனமானதையும் தூக்கிச் செல்லும். வேகம் குறைந்ததும் கனமானதை முதலில் கீழே போடும். ஆகவே விளிம்புக்கு அருகே பரலும் பருமணலும், தள்ளிப் போகப் போக மென்மணலும் படிந்தன. வீபோர்க் நகருக்குத் தென்மேற்கே ஹால்ட் ஏரிப் பக்கத்தில் தொடங்கும் கரூப் சமவெளியில் இதை இன்றும் காணலாம். களியோ எங்கும் தங்காமல் நீரோடு போய்விட்டது.

இதுதான் முக்கியமான விடயம். வீட்டில் அரிசியைச் சுளகில் புடைப்பதுபோல நீர் அந்த மண்ணைப் புடைத்துவிட்டது. ஆனால் இங்கே மிஞ்சியது அரிசியல்ல. பயிருக்கு வேண்டியதைப் பிடித்து வைக்கும் களி போய், பெரும்பாலும் படிகக்கல் மணலே மிஞ்சியது.

உங்கள் காணி மண்ணையும் இப்படிப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் கால்வாசி மண்ணும் முக்கால்வாசி நீரும் விட்டு, மூடிக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவதில் பெரும்பகுதி மணல். களி மறுநாள்வரையிலும் நீரைக் கலங்கலாக வைத்திருக்கும். ஒரு நிமிடத்திலேயே ஏறக்குறைய எல்லாம் படிந்து நீர் தெளிந்துவிட்டால், டென்மார்க்காரர் கையில் கிடைத்த மண்ணுக்கு உங்கள் மண் தூரமில்லை.

மணல் துணிக்கைகளுக்கு இடையே உள்ள துளைகள் பெரியவை. மழை விழுந்ததும் நீர் அவற்றினூடாக விரைந்து கீழே இறங்கிவிடும். நீர் தேங்காது, வேர் அழுகாது. மழை விட்ட சிறிது நேரத்தில் காணிக்குள் இறங்கி வேலை செய்யலாம். மண்ணை வெட்டிப் பார்த்தால் ஆழம்வரை மஞ்சள் அல்லது கபில நிறம் இருக்கும். நீர் தேங்கும் மண்ணில் காணப்படும் சாம்பல் திட்டுகளும் துருப்புள்ளிகளும் அங்கே இரா. கிழங்கு நேராக வளரும், கழுவாமலே சுத்தமாக வரும். இவை மணலின் நன்மைகள். இவற்றைச் சொல்லாமல் மணலைத் திட்டுவது நியாயமல்ல.

ஆனால் வடிந்த நீர் திரும்பி வராது. யூற்லாந்தின் பருமணலில் தானியப் பயிரின் வேர் சுமார் அரை மீற்றர் ஆழத்துக்கு மேல் நன்றாக இறங்குவதில்லை. அந்த அரை மீற்றர் மண்ணில் பயிர் எடுக்கக்கூடிய நீர் சுமார் 60 மில்லிமீற்றர், அதாவது ஒரு சதுர மீற்றருக்கு 60 லீற்றர். களி கலந்த நல்ல மண்ணில் இதுபோல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அந்நாட்டுக் கோடையில் பயிர் நாளொன்றுக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் நீரைச் செலவழிக்கிறது. கணக்குப் பாருங்கள்: இரண்டு மூன்று கிழமை மழை இல்லையென்றால் கையிருப்பு முடிந்தது. பாதி முடியும்போதே பயிர் வாடத் தொடங்கும். நம் வரண்ட வலயத்து வெயிலில் இதே கையிருப்பு இன்னும் குறைந்த நாட்களுக்கே காணும்.

பசளைக்கும் இதே கதிதான். களியும் உக்கலும் பொற்றாசியம், கல்சியம் போன்றவற்றைத் தம்மோடு ஒட்டி வைத்திருக்கும். மணலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. நைத்திரேற்றையோ எந்த மண்ணும் இறுகப் பிடிப்பதில்லை. மணலில் அது நீரோடு கூடவே இறங்கிவிடும். ஒரு மூடைப் பசளையை ஒரே தடவையில் போட்டு அடுத்த நாள் பெருமழை பெய்தால், பசளைக்குக் கொடுத்த காசு நிலத்தடி நீருக்குப் போய்விடும்.

யூற்லாந்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. மரங்கள் வெட்டப்பட்டு, ஆடுகள் மேய்ந்த நிலத்தில் ஹெதர் என்ற குட்டைப் பற்றை பரவியது. அதன் இலைச்சருகு எளிதில் உக்காது, புளிப்பானது. அதனூடாக இறங்கிய மழைநீர் மேல்மண்ணிலிருந்த இரும்பையும் உக்கலையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகவே மேலே சாம்பல்போல வெளிறிய மணல். அதன் கீழே கறுப்பும் கபிலமும் கலந்த, கல்போல இறுகிய ஒரு தட்டு. டென்மார்க்காரர் அதை 'ஆல்' என்பர். அதன் அடியில் மறுபடியும் தளர்ந்த மணல்தான். ஆனால் வேர் அந்தத் தட்டைத் துளைக்காது.

இப்படிப்பட்ட நிலத்துக்குத்தான் 1759இல் மன்னர் ஐந்தாம் பிரெடெறிக் தென் ஜேர்மனியிலிருந்து குடும்பங்களை அழைத்தார். ஹெசன், பலற்றினேற் முதலிய இடங்களிலிருந்து ஓராயிரம் பேரளவில் அடுத்த சில ஆண்டுகளில் ஆல்ஹேட, றண்ட்பெல் என்ற வெளிகளுக்கு வந்து சேர்ந்தனர். காணியும் உதவியும் கிடைத்தன. வந்தவர்கள் உழைக்கத் தெரிந்த கமக்காரர்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது வேறு மண். எருவுக்குப் போதிய மாடு இல்லை, மாட்டுக்குப் போதிய புல் இல்லை, புல்லுக்கு மண்ணில் சத்து இல்லை. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலானோர் வெளியேறினர். அவர்களில் பலர், 1763இல் ருஷ்யப் பேரரசி கத்தரீன் விடுத்த அழைப்பை ஏற்று வொல்கா நதிக்கரைக்குப் போனார்கள். ஏற்கெனவே ஒருமுறை ஊரை விட்டவர்கள் இரண்டாம் முறையும் மூட்டை கட்டினார்கள். மண்ணின் குறையை மனிதரின் சோம்பலாகக் கணக்கெழுதுவது எந்த நாட்டிலும் நடப்பதுதான். ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அரை மீற்றர் மணலும் அதன் கீழே ஒரு கல்தட்டும் தந்துவிட்டு, நல்ல மண்ணின் விளைச்சலை அவர்களிடம் எதிர்பார்த்தது திட்டத்தின் பிழை.

தங்கிய சில குடும்பங்கள் உருளைக்கிழங்கைப் பிடித்துக்கொண்டன. அது புளிப்பு மண்ணைத் தாங்கும், தளர்ந்த மண்ணை விரும்பும். டென்மார்க்குக்கு அந்தக் கிழங்கு முன்பே வந்திருந்தாலும், வயற்பயிராக அது பரவியதில் இவர்களுக்குப் பங்குண்டு. 'உருளைக்கிழங்கு ஜேர்மானியர்' என்றே ஊரார் அவர்களை அழைத்தனர். மணலுக்கு ஏற்ற பயிரைத் தேடியவர்கள் தங்கினார்கள் என்று சொல்லலாம்.

மண்ணையே திருத்தும் வேலை நூறு ஆண்டுகள் கழித்துத் தொடங்கியது. 1864ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க் தன் தெற்கு மாநிலங்களை இழந்தது. உள்ள நிலத்தையாவது விளைய வைப்போம் என்ற எண்ணம் வலுத்தது. 1866இல் ஹெதர்வெளிச் சங்கம் ஒன்று ஓகூஸ் நகரில் உருவானது. அதை நடத்திய என்றிக்கோ டல்காஸ் படை அதிகாரியாக இருந்து வீதி அமைத்தவர். வீதிக்கு மண் வெட்டி வெட்டியே மண்ணைக் கற்றுக்கொண்டவர்.

அவர்கள் செய்தவற்றில் மூன்று முக்கியமானவை. முதலாவது, மார்ல் எனப்படும் சுண்ணாம்பு கலந்த களியைத் தோண்டி வண்டிகளிலும் பின்னர் சிறிய தண்டவாளங்களிலும் ஏற்றிவந்து வயலில் பரப்பினார்கள். புளிப்பு குறைந்தது, நீர் கொண்டுபோன களியில் கொஞ்சமாவது திரும்பி வந்தது. எரு சேர்க்காமல் மார்லை மட்டும் போட்டவர்களின் நிலம் சில விளைச்சலோடு களைத்துப் போனதும் உண்டு. இரண்டாவது, ஆழ உழுது இறுகிய தட்டை உடைத்தார்கள். மூன்றாவது மரவேலி. திறந்த மணலில் இளவேனிற் காற்று மேல்மண்ணையும் விதையையும் சேர்த்தே அள்ளிச் செல்லும். அதைத் தடுக்க ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். ஸ்புறூஸ் மரத்தைத் தனியே நட்டபோது அது ஆண்டுக்கணக்காகக் கட்டையாகவே நின்றது. மலைப் பைன் என்ற எளிய மரத்தைத் துணையாக நட்டபோது ஸ்புறூசும் வளர்ந்தது. வேரோடு வாழும் பூஞ்சணங்களைக் கொண்டு இதை விளக்க முயன்றவர் பி. ஈ. முல்லர் என்ற வனவியலாளர்.

இருந்தும் மணல் மணலாகவே இருக்கிறது. 1975, 1976ஆம் ஆண்டுகளின் வரட்சிக்குப் பின் மேற்கு யூற்லாந்தில் தூவல் நீர்ப்பாசனம் மிகவும் பரவியது. ஒரு தடவைக்கு 25 முதல் 30 மில்லிமீற்றர் மட்டுமே கொடுப்பது அங்கு வழக்கம். அதற்கு மேல் கொடுத்தால் வேருக்குக் கீழே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பசளை பெருகப் பெருகக் கிணறுகளில் நைத்திரேற்றும் பெருகியது. 1987இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் நீரைக் காக்கும் திட்டமொன்றை ஏற்றது. அதன் பின், எருவை எந்தக் காலத்தில் இடலாம் என்பதற்குச் சட்டம் வந்தது. அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமையாக விடாமல், மிஞ்சிய நைத்திரேற்றை உறிஞ்சிக்கொள்ளப் புல்லோ எண்ணெய் முள்ளங்கியோ விதைப்பது வழக்கமாயிற்று.

இவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது? மார்லை விட்டுவிடுங்கள். நம் கரையோர மணலில் சிப்பித் துண்டுகள் கலந்திருக்கும் இடங்கள் பல. அங்கே சுண்ணாம்புக்குக் குறைவில்லை. ஆழ உழவும் வேண்டாம், உடைப்பதற்கு அந்தத் தட்டு இங்கே இல்லை. எடுக்க வேண்டியது அளவும் காலமும். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி விடுங்கள். பசளையை மூன்று நான்கு பங்காகப் பிரித்து, பயிர் நின்ற பின் அடியில் போடுங்கள். வானம் இருண்டிருக்கும் நாளில் வேண்டாம். கிளிசரிடியாத் தழை, சணல், எரு எது கிடைத்தாலும் சேருங்கள். நம் வெயிலில் உக்கல் விரைவில் அழிந்துவிடும். ஆகவே அது ஒருமுறை செய்துவிட்டு மறக்கும் வேலையல்ல, ஒவ்வொரு போகத்துக்கும் உரியது. பாத்தியின் மேல் வைக்கோலோ தென்னோலையோ மூடி வைத்தால் நீரும் மிஞ்சும், காற்றும் மணலை அள்ளாது.

கிணற்று விடயம் டென்மார்க்கை விட நமக்கே நெருக்கமானது. கற்பிட்டியின் மணலிலும் யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்திலும் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் போனால், போத்தற்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். ஆகவே மணற்காணியில் குடிநீர்க் கிணறும் தோட்டக் கிணறும் ஒன்றாக இருந்தால், அந்த நீரைப் பரிசோதிக்கச் சொல்லி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், முடிவு வரும்வரை அதன் பாலுக்கு வேறு கிணற்று நீரை எடுங்கள்.