பனியைத் துளைத்து வரும் பூ!

தரையெல்லாம் பனி. மரங்களில் ஓர் இலை கூட இல்லை. அந்தக் கடுங்குளிரிலும் ஒரு குட்டிச் செடி மண்ணைத் துளைத்து வந்து பூக்கிறது என்றால் நம்புவீர்களா?

அதன் பெயர் ஸ்னோடிராப். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கிராமங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை இதைப் பார்க்கலாம். ஒரு சாண் உயரம் கூட இருக்காது. வெள்ளைப் பூ, சின்ன மணி போலத் தலை கவிழ்ந்து தொங்கும். 1753ல் ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இதற்கு, 'கேலந்தஸ் நிவாலிஸ்' என்று பெயர் வைத்தார். கேலந்தஸ் என்றால் கிரேக்க மொழியில் பால் பூ!

குளிரை எப்படிச் சமாளிக்கிறது? மண்ணுக்குள் வெங்காயம் போன்ற கிழங்கு இருக்கிறது. சென்ற ஆண்டு சேமித்த உணவு அதில்தான் உள்ளது. இலையின் நுனி கெட்டியானது. உறைந்த மண்ணையும் துளைக்கும். பூ கவிழ்ந்திருப்பதால் மகரந்தம் நனையாது. மரங்கள் தழைத்து நிழல் விழுவதற்குள், கிடைக்கும் வெயிலில் அவசரமாக வளர்ந்து விடும். விதையில் எறும்புக்குப் பிடித்த தீனி ஒட்டியிருக்கும். எறும்பு இழுத்துப் போகும் இடத்தில் புதுச் செடி முளைக்கும்.

இது காட்டுப் பூவா, நட்ட பூவா? இரண்டும்தான்! இதன் தாயகம் ஐரோப்பாவின் பிற நாடுகள். பிரிட்டனில் தோட்டங்களிலும், தேவாலயங்களைச் சுற்றியும் மக்கள் நட்டனர். அங்கிருந்து காடு, ஆற்றங்கரை என்று பரவியது. 1770களில்தான், 'தானாக வளர்கிறது' என்று முதன்முதலில் குறித்து வைத்தனர்.

நம் சமையலறை வெங்காயமும் இதே குடும்பம்தான். ஆனால், ஸ்னோடிராப் கிழங்கு விஷம்! அந்த இனத்தில் உள்ள கேலன்டமின் என்ற பொருளோ, மறதி நோயான அல்சைமருக்கு மருந்தாகிறது. விஷச் செடியிலும் மருந்து இருக்கிறது, பார்த்தீர்களா?

இவ்வளவு கெட்டிக்காரப் பூவுக்கும் ஓர் எதிரி உண்டு. குளிர் அல்ல, மனிதனின் ஆசை! துருக்கி மலைகளில் லட்சக்கணக்கான கிழங்குகளைத் தோண்டி விற்றனர். அதனால், 1990ல் உலக நாடுகளின் ஒப்பந்தம் இந்த வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. பிரிட்டனில் நிலத்துக்காரர் அனுமதியின்றி வேரோடு பிடுங்குவது, 1981ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பூவைப் பறித்தால் ஒரு பூதான் போகும். கிழங்கைத் தோண்டினால், வரப்போகும் ஆண்டுகளின் பூக்கள் எல்லாமே போய்விடும். எந்தச் செடியைத் தொடும் முன்னும் இதை நினைத்துக்கொள்வீர்கள் அல்லவா?