அக்குளுக்குள் கேட்கும் ஒலி

தடித்த பேனா அளவில் ஓர் உலோகக் கோல். அதன் பின்முனையிலிருந்து ஒரு வயர் கிளம்பிச் சிறு பெட்டியில் போய்ச் சேர்கிறது. அறுவை அரங்கில் மயக்கத்தில் இருக்கும் பெண்ணின் அக்குள் மீது மருத்துவர் கோலின் நுனியை மெல்ல நகர்த்துகிறார். பெட்டி விட்டுவிட்டு ஒலிக்கிறது. ஓரிடத்தில் ஒலி நெருங்கி நெருங்கி ஒரே இரைச்சலாகிறது, திரையில் எண் ஏறுகிறது. அந்த இடத்தில்தான் சின்னதாகக் கீற வேண்டும். கருவியின் பெயர் காமா புரோப். மார்பகப் புற்றுநோய் மார்பை விட்டு நகர்ந்திருந்தால் முதலில் எங்கே போய்த் தங்கியிருக்கும் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் லைன் வீடுகள் என்று கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் எந்தத் தெருவில் இருக்கும் பெண்ணுக்கும் இந்தக் கருவியோடு பழக வேண்டி வந்தால் பெரும்பாலும் பெங்களூருக்கோ வேலூருக்கோதான் போக வேண்டும். 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடியபின், ஒரு காலத்தில் ஊருக்கே பெருமையாக இருந்த சுரங்க ஆஸ்பத்திரியும் ஓய்ந்துபோனது. அதனால் ரிப்போர்ட் வெளியூரில் எழுதப்படுகிறது, வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் பொருளை ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். "நெறிக்குப் பரவிடுச்சாம்" என்று தாழ்ந்த குரலில் ஒருவர் சொல்ல, இனிமேல் என்ன செய்து என்ன பயன் என்று இன்னொருவர் முடிவே கட்டிவிடுகிறார். அந்த முடிவு தவறு. சிகிச்சையைத் தொடர வேண்டிய நேரத்தில் நிறுத்த வைப்பதால் அது ஆபத்தும்கூட.

நெறி என்று ஊரில் சொல்லும், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுக்கு நோய் வந்துவிட்டால் அது நான்காம் கட்டம் ஆகிவிடாது. முடிச்சுகளின் எண்ணிக்கையையும் கட்டியின் அளவையும் பொறுத்து பெரும்பாலும் இரண்டாம் கட்டமாகவோ மூன்றாம் கட்டமாகவோ இருக்கும். நோய் வந்த பக்கத்துக் காறை எலும்புக்கு மேலே உள்ள முடிச்சில் தென்பட்டால்கூட, வேறெங்கும் பரவாதவரை மூன்றாம் கட்டம் என்றே கணக்கு. எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை என்று தொலைவுக்குப் போனால்தான் நான்கு. இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் மருத்துவர்கள் நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தருகிறார்கள்.

இதற்கு நம் நாட்டுக் கணக்கே இருக்கிறது. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட 17,331 பேரை, இந்தியாவின் 11 புற்றுநோய்ப் பதிவேடுகள் பின்தொடர்ந்தன. நோய் மார்போடு நின்றிருந்தவர்களில் ஐந்தாண்டு கழித்து நூற்றுக்கு 81 பேர் உயிரோடிருந்தார்கள். முடிச்சுகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பரவியிருந்தவர்களில் 65 பேருக்கு மேல். தொலைவுக்குப் பரவியவர்களில் 18 பேர். நடுவில் உள்ள எண்ணைத்தான் ஆண்டர்சன்பேட்டை வீடுகளில் உரக்கச் சொல்ல வேண்டும். அதுவும் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களையும் சேர்த்த எண். அமெரிக்காவில் இதே நிலைக்கு 87 அளவில் சொல்கிறார்கள். கணக்கிடும் முறை சற்று வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனாலும் இடைவெளியில் பெரும்பங்கு தாமதத்தாலும் எட்டாத மருந்தாலும் வந்தது என்றே நான் நினைக்கிறேன். அப்படியானால் அதைக் குறைக்கலாம்.

ரத்தக்குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் தங்கும் நீரை வடித்துத் திரும்ப ரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். வழியில் அவரைக்கொட்டை வடிவில் சிறு முடிச்சுகள் நின்று கிருமியையும் வேற்றுப்பொருளையும் சலித்துப் பிடிக்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது அதனால்தான். மார்பின் நிணநீரில் பெரும்பகுதி அக்குளுக்கு வடிகிறது. அங்கே இருபது முப்பது முடிச்சுகள் இருக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் நீர் போவதில்லை. மாரிகுப்பத்தில் ரயில் ஏறியவர் சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் ஸ்டேஷன்களைத் தாண்டாமல் பங்காருபேட்டைக்குப் போக முடியாது. மார்பிலிருந்து கிளம்பும் புற்றணுவும் பெரும்பாலும் முதல் முடிச்சைத் தொட்டே மேலே போகும். அந்த முதல் முடிச்சில் நோய் இல்லையென்றால் மற்றவற்றில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த எளிய உண்மையைப் பயன்படுத்திக்கொள்ள மருத்துவத்துக்கு நூறு ஆண்டுகள் ஆயின. 1890களில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பு, அதன் அடித்தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாமே ஒட்டுமொத்தமாக எடுக்கப்பட்டன. அதிகம் வெட்டினால் அதிகம் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை பல தலைமுறை மருத்துவர்களிடம் நிலைத்திருந்தது. அதைச் சோதித்துப் பார்த்தவர் பெர்னார்ட் ஃபிஷர். 1971இல் அவர் தொடங்கிய ஆய்வில், தொட்டுப் பார்த்து நெறி தெரியாத பெண்களில் அக்குள் முடிச்சுகளை முன்கூட்டியே எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் 25 ஆண்டு கழித்தும் ஒரே அளவில்தான் பிழைத்திருந்தார்கள். நோயின் போக்கை மாற்றுவது கத்தியின் அகலம் மட்டும் அல்ல, உடல் முழுக்கப் போகும் மருந்தும் அதில் பங்கு கொள்கிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது. முடிச்சு என்ன சொல்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும், எல்லாவற்றையும் பறிக்க வேண்டியதில்லை. 1993இல் டேவிட் கிராக் காமா கருவியைக் கொண்டும், 1994இல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தைக் கொண்டும் மார்பகப் புற்றில் முதல் முடிச்சைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

கருவி வேலை செய்யும் விதத்துக்குத் தங்கவயலோடு ஓர் உறவு உண்டு. கோலின் நுனியில் ஒரு சிறு படிகம் இருக்கிறது. காமா கதிர் அதில் மோதினால் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒளி மின்னும். அந்த மின்னலை மின்சாரத் துடிப்பாக்கி எண்ணினால் ஒலி வரும். (சில புதிய கோல்களில் படிகத்துக்குப் பதில் குறைகடத்தி நேரடியாகத் துடிப்பைத் தருகிறது.) இதே மின்னல் முறையைத்தான் 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள், 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஜப்பானிய, பிரிட்டிஷ் குழுக்களோடு சேர்ந்து பயன்படுத்தினார்கள். விண்கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை உலகிலேயே முதலில் கண்டவர்களில் அவர்களும் உண்டு. வேறு கதிர்களின் தொல்லை குறைவாக இருக்க அவர்களுக்கு அத்தனை ஆழம் தேவைப்பட்டது. அறுவை மருத்துவரின் கோலுக்கும் அதே தொல்லை இருக்கிறது. கதிர்மருந்து ஊசி போட்ட மார்பிலிருந்து வரும் பலமான கதிர், அக்குளின் மெல்லிய ஒலியை மூழ்கடிக்கப் பார்க்கும். அதனால் படிகத்தைச் சுற்றி டங்ஸ்டன் போன்ற கன உலோகக் கவசம் வைத்து, நேர் எதிரே இருப்பதை மட்டும் உணரும்படி செய்திருக்கிறார்கள்.

அறுவைக்கு முந்தின நாளோ அன்று காலையோ, மார்புக் காம்பைச் சுற்றி டெக்னீசியம் கலந்த மருந்தைச் சிறிதளவு ஊசியில் போடுகிறார்கள். நிணநீரோடு அது நகர்ந்து முதல் முடிச்சில் தங்குகிறது. டெக்னீசியத்தின் கதிர்வீச்சு ஆறு மணிக்கொருமுறை பாதியாகக் குறையும், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். பெரும்பாலும் நீலச் சாயமும் கூடவே போடப்படுகிறது. காது ஒலியைக் கேட்க, கண் நீலத்தைத் தேடும். இரண்டு மூன்று முடிச்சுகளே வழக்கமாக எடுக்கப்படும். மிக அதிகம் ஒலித்த முடிச்சின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அக்குள் ஒலித்தால் தேடல் முடிந்தது. சாயம் போட்ட மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். முன்பே சொல்லிவைக்காவிட்டால் வார்டில் துணைக்கு இருக்கும் அம்மாவோ அக்காவோ பதறிப்போவார்கள்.

எடுத்த முடிச்சை உறையவைத்துச் சீவி, அரை மணி நேரத்துக்குள் நோய்க்கூறு மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லலாம். முறை குறையற்றது அல்ல. 5,611 பெண்கள் பங்கெடுத்த ஓர் அமெரிக்க ஆய்வில், 97 சதவீதம் பேரிடம் முதல் முடிச்சு கிடைத்தது. முடிச்சில் நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒருவரிடம் அது தப்பிப்போனது. ஆனாலும் முதல் முடிச்சில் நோய் தென்படாதவர்களில், எல்லா முடிச்சையும் எடுத்தவர்களுக்கும் அதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை.

காமா கருவி இல்லாத ஆஸ்பத்திரிகள் நம் நாட்டில் ஏராளம். அதற்கும் வழி தேடியிருக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், அக்குளின் கீழ்ப்பகுதிக் கொழுப்பை அதிலுள்ள முடிச்சுகளோடு எடுத்துப் பார்த்தாலே, கருவி கொண்டு தேடியதற்கு ஏறத்தாழ நிகரான துல்லியம் கிடைக்கிறது என்று 2013இல் வெளியிட்டார்கள். கதிர்மருந்து வேண்டாம், விலையுயர்ந்த பெட்டி வேண்டாம், பழகிய கை போதும். வசதி குறைந்த நாடுகளுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு அதிகமில்லை என்பேன்.

முடிச்சில் நோய் இருப்பது தெரிந்துவிட்டால்?

முன்பென்றால் அக்குள் முழுவதையும் துப்புரவாக எடுப்பதே ஒரே பதில். அப்படி எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கை நிரந்தரமாக வீங்கும் தொல்லை வந்தது. முதல் முடிச்சை மட்டும் எடுத்தவர்களில் அது இருபதில் ஒருவர் அளவுக்கே வருகிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்றோ இரண்டோ முடிச்சில் மட்டும் நோய் இருந்து, மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மிச்ச முடிச்சுகளை விட்டுவைத்தாலும் ஆயுள் குறையவில்லை என்று காட்டியது. நெறி கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்திருந்தால் வரிசை மாறும். முதலில் கீமோதெரபி, பிறகு அறுவை. அந்த நெறியில் முன்கூட்டியே சிறு உலோகக் கிளிப் ஒன்றை வைத்து அடையாளம் செய்கிறார்கள். 2013இல் வெளியான ஆய்வில், முடிச்சில் நோயோடு கீமோ தொடங்கியவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு அறுவையின்போது அங்கே நோய் இல்லை, மருந்தே அதைத் துடைத்திருந்தது. அப்படி நோய் கரைந்தவர்களிடம் காமா புரோப் மறுபடி வேலைக்கு வருகிறது.

ரிப்போர்ட்டில் பரவல் செய்தியோடு வரும் மற்ற எழுத்துகளையும் படிக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மலிவான மாத்திரை ஐந்து முதல் பத்தாண்டு வரை காவல் இருக்கும். ஹெர்-2 புரதம் மிகுந்திருந்தால் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து உண்டு. பல லட்சம் ஆகுமென்று எட்டாமலிருந்த அந்த மருந்துக்கு நிகரானதை, தங்கவயலுக்கு இரண்டு மணிப்பயணத்தில் இருக்கும் பெங்களூரின் பயோகான் 2014இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. டாடா மருத்துவமனை நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளியது. 1,600 பெண்களில் ஒரு பாதிக்கு, கட்டியை அறுக்கும் முன் அதைச் சுற்றி லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தை ஊசியில் போட்டார்கள். ஐந்தாண்டில் அவர்களில் 90 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், போடாதவர்களில் 86 சதவீதம். பல் பிடுங்கப் போடுகிறார்களே, அதே மருந்துதான்.

கையைப் பற்றி ஒன்று. குடம் தூக்காதே, எதையும் தொடாதே என்று வீட்டில் உட்காரவைப்பது பழைய பழக்கம். 2009இல் வந்த ஆய்வில், மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, அது திடீரென மோசமாவதும் குறைந்தது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சுவரில் விரல் நடத்தி மேலேற்றும் பயிற்சியை முதல் வாரங்களிலேயே தொடங்க வேண்டும். தண்ணீர் தூக்கியே வாழ்ந்த ஊரில் கை ஓய்ந்துவிடும் என்ற பயம் பெரிது, அதனால் இதைச் சொல்கிறேன்.

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் காலை ரயிலில் வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கானவர்களோடு ஒருவராக, சிகிச்சைக்கும் போய்வரலாம். அங்கே 1973இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் நிறுவனம் அரசுடையது. கதிர்சிகிச்சைக்கு முன்பு ஐந்து வாரம் அலைய வேண்டியிருந்தது. இப்போது பல இடங்களில் 15 தடவை, மூன்று வாரத்தில் முடிகிறது. ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகாவில், பி.பி.எல். ரேஷன் அட்டைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அரசு ஆஸ்பத்திரியின் பரிந்துரைக் கடிதத்தோடு போவது நல்லது. வேலூருக்குப் போவதென்றால் கர்நாடக அட்டை அங்கே செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை முடிச்சு எடுத்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது, ஏற்பிகள் என்ன, அடுத்த மருந்து எந்தத் தேதியில் என்பதை மருத்துவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பது எந்த ஆஸ்பத்திரிக்கும் உதவும். புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை ஆஸ்பத்திரி தரும், முதல் நாளே கேட்டு வாங்கிவிடலாம்.